சேற்றுப்புண்ணும் சீமை அகத்தியும்

தோலில் வட்டமாகப் பரவி, ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து அரிக்கும் படைக்குத் தமிழில் படர்தாமரை என்று பெயர். வண்டுகடி என்றும் சொல்வார்கள். முதல் பெயர் கண்ணால் கண்ட உருவத்தைச் சொல்கிறது. இரண்டாவது பெயர், ஏதோ பூச்சி ஊர்ந்து கடித்ததால் வந்திருக்கும் என்ற ஊகத்தைச் சொல்கிறது. கால்விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி, வெடித்து, நாற்றமெடுத்து, இரவில் தூங்கவிடாமல் அரிக்கும் நோய்க்கு மட்டும் உருவத்தையும் ஊகத்தையும் விட்டுவிட்டுக் காரணத்தையே பெயராக வைத்தார்கள்: சேற்றுப்புண். இவற்றில் பெரும்பகுதியை இன்றைய மருத்துவம் பூஞ்சைத் தொற்று என்ற ஒரே தலைப்பின்கீழ் வைக்கிறது. இவற்றுக்கான பச்சிலை மருந்துகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ‘ஆதிகாலம் தொட்டு’, ‘ஆயிரமாயிரம் ஆண்டுகளாக’ என்ற சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன. அவை பாதி உண்மை. இந்த மருந்துகளில் மிகப் பழையவை உண்டு. ஆனால் படைக்குத் தமிழகத்தில் பேர்போன இலைகளில் ஒன்று அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. காலில் வரும் பூஞ்சை நோயும்கூட இன்று நகரத்தில் காணும் வடிவில் புதியதுதான். பழமை ஒன்றையே சான்றாக வைத்து இந்த மருந்துகளை மதிப்பவர்கள், அவற்றை உண்டாக்கியவர்களின் உண்மையான திறமையைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. புதிதாக வந்து சேர்ந்த செடியைக் கிள்ளிப் பார்த்து, அரைத்துப் பூசி, பலன் கண்டு, பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டதில்தான் அந்தத் திறமை இருக்கிறது.

பழமையிலிருந்தே தொடங்கலாம். சுசுருத சம்ஹிதையின் நிதான ஸ்தானத்தில் ‘க்ஷுத்ர ரோகங்கள்’, அதாவது சிறு நோய்கள், என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் ‘அலசம்’ என்ற நோய் சொல்லப்படுகிறது. கெட்ட சேறு படுவதால் கால்விரல்களின் இடுக்கு நசநசத்து, அரிப்பும் எரிச்சலும் வலியும் உண்டாகும் என்பது அதன் விளக்கம். நம் ஊர்ச் சேற்றுப்புண்ணை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதே நூலின் சிகிச்சைப் பகுதி இதற்கு மருந்தும் சொல்கிறது: புளித்த காடியால் காலை நனைத்துக் கழுவி, வேப்பிலை, எள், அன்னபேதி, அரிதாரம், இந்துப்பு ஆகியவற்றை அரைத்துப் பூச வேண்டும். இந்தப் பட்டியலை இன்று படிக்கும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, இது வெறும் மூலிகை மருந்தல்ல. அன்னபேதி இரும்பின் உப்பு, அரிதாரம் ஆர்சனிக் சேர்ந்த கனிமம். ‘பழைய காலத்தில் எல்லாம் இயற்கை, ஆகவே தீங்கற்றது’ என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு மருந்துக் கலவையே போதிய பதில். இன்னொன்று, மருந்துக்கு முன்னால் கழுவல் வருகிறது. அதுவும் வெறும் தண்ணீரால் இல்லை, புளித்த காடியால். ஈரத்தில் ஊறிய தோலில் கிருமிகள் பெருக உதவும் சூழலைப் புளிப்பு மாற்றிவிடும்; அன்னபேதியின் துவர்ப்பு, கசியும் இடத்தை வற்றச் செய்யும். காரணம் தெரியாமலே, நோயின் வேர் ஈரத்தில் இருக்கிறது என்பதைக் கண்டு அதற்கேற்றபடி மருந்தைக் கட்டியிருக்கிறார்கள்.

உடம்பில் வரும் படைக்கு அங்கே ‘தத்ரு’ என்று தனிப்பெயர். சரகர் அதைக் குஷ்டங்கள் எனப்படும் தோல்நோய்களில் சிறியவற்றோடும், சுசுருதர் பெரியவற்றோடும் சேர்க்கிறார்கள். நூல்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம். சரக சம்ஹிதையின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க முழுக்க மேலே பூசும் மருந்துகளைப் பற்றியது. சரக்கொன்றை, தகரை, புங்கு, ஆடாதொடை, சீந்தில், மஞ்சள் என்று அது தொடங்குகிறது. இதில் தகரையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊசித்தகரை என்று நம் ஊர்களில் மழைக்குப் பிறகு சாலையோரம் முளைத்து, மஞ்சளாகப் பூத்து, நீண்ட மெல்லிய காய் காய்க்கும் சிறு செடி அது. வடமொழியில் அதற்குச் ‘சக்ரமர்தம்’ என்று பெயர். வட்டத்தை நசுக்குவது என்று பொருள் கொள்ளலாம். அதன் விதையை மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரைத்துப் படைக்குப் பூசுவது இந்தியாவின் பல பகுதிகளில் உள்ள வழக்கம். சீமை அகத்தி பின்னால் வந்தபோது அதற்கு வழி திறந்து வைத்திருந்தது இந்தத் தகரைதான் என்று நான் நினைக்கிறேன். அதற்குக் காரணம் பிறகு வருகிறது.

நூல்களில் ‘சிறு நோய்’ என்று ஒதுக்கப்பட்டது வயலில் சிறியதாக இருக்கவில்லை. காவிரிப் படுகையில் குறுவை, தாளடி என்று இருபோகம் விளைந்த நிலங்களில் நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது எல்லாம் கணுக்கால் வரை, சில இடங்களில் முழங்கால் வரை, சேற்றில் நின்று செய்யும் வேலை. நடவும் களையும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தன. விடியலில் இறங்கினால் வெயில் ஏறும்வரை கால் உலராது. வேலை கிடைக்கும் நாட்கள் கொஞ்சம் என்பதால், புண் வந்தாலும் மறுநாள் அதே சேற்றில் இறங்க வேண்டும். செருப்பு உதவாது. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் உதவாது, உழுது குழைத்த சேறு அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தஞ்சைப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாகக் கட்டுண்டிருந்தவர்கள் பெரும்பாலும் தீண்டாமையால் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். நிலத்தை உடையவருக்கு இந்த நோய் வருவது அரிது. வரப்பில் நிற்பவர் காலுக்குச் சேறு ஏது? ஆகவே சேற்றுப்புண்ணின் வரலாற்றை எழுதும்போது மூலிகையை மட்டும் எழுதிவிட்டு, யார் காலில் அது வந்தது என்பதை விட்டுவிடுவது நேர்மையாகாது. சேற்றைப் பெயரில் வைத்தவர்கள் அதில் நின்றவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவர்களின் மருந்துகள் வீட்டைச் சுற்றிக் கிடைத்தவை. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்கள். புங்க எண்ணெய் தடவுவார்கள். குப்பைமேனி இலையை உப்போடு கசக்கித் தேய்ப்பார்கள். பூவரசங்காயைக் கீறினால் வரும் மஞ்சள் நிறப் பாலைப் படையின் மேல் தடவுவதும் உண்டு. எல்லாவற்றிலும் முதலிடம் மருதாணிக்கு. அரைத்த இலையை விரல் இடுக்குகளில் அப்பிக்கொண்டு இரவு படுத்து, காலையில் உதிர்த்துவிட்டு வயலுக்குப் போவது நடவுக் காலத்து வழக்கம். மருதாணியை மணப்பெண்ணின் அலங்காரமாக மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் அலங்காரமும் மருந்தும் ஒரே குணத்திலிருந்து வருபவை. மருதாணி இலையில் உள்ள ‘லாசோன்’ என்ற சாயப்பொருள் தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. அதனால்தான் கழுவினாலும் நிறம் போவதில்லை. தோலைத் தாக்கும் பூஞ்சைகள் உணவாக்கிக்கொள்வதும் இதே கெரட்டினைத்தான். லாசோன் அந்தப் பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுப்பதும் ஆய்வுக்கூடங்களில் காட்டப்பட்டிருக்கிறது. எண்ணெய் துடைத்தால் போய்விடும். சேற்றில் இறங்கினால் மற்றப் பூச்சுகளும் கரைந்துவிடும். நாள் முழுவதும் நீரில் நிற்கும் காலுக்கு, தோலோடு ஒட்டிக்கொண்டு மேல்தோல் உரியும்வரை தங்குகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தது எத்தனை பொருத்தம்! இரவு முழுக்க அப்பி வைப்பதால் விரல் இடுக்கு அத்தனை மணி நேரம் ஒன்றோடொன்று உரசாமல் விலகி, ஈரம் வற்றிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பலன் இலைக்கு உரியதா, உலர்ந்து கிடந்த இரவுக்கு உரியதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இந்தப் புண்ணுக்குப் பூஞ்சை காரணமாக இருக்கலாம் என்பது 19ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. 1840களில் பாரிஸில் டேவிட் குரூபி தலையில் வரும் படையின் முடிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துப் பூஞ்சையைக் காட்டினார். காலில் வருவதும் அதுதான் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள அந்த நூற்றாண்டின் இறுதிவரை ஆயிற்று. 1908இல் லண்டனில் ஆர்தர் விட்ஃபீல்டு கால்படையை விவரித்து எழுதியபோதும் அதை அரியதொரு நோயாகவே பலர் கருதினார்கள். பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த அவருடைய களிம்பு இன்றும் விட்ஃபீல்டு களிம்பு என்ற பெயரில் விற்கிறது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கொழும்பில் இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி தொடையிடுக்குப் படையிலிருந்து பூஞ்சைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். 1910இல் அவர் விவரித்த ஒரு பூஞ்சை, இன்று ‘ட்ரைக்கோஃபைட்டன் ரூப்ரம்’ என்று அழைக்கப்படுவது, உலகில் கால்படைக்கு முதன்மையான காரணமாக ஆகிவிட்டது. ஆசியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அது வெகுகாலமாக மனிதரோடு இருந்தது என்றும், அங்கே வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு உடம்பில் படையாக வந்ததே தவிரக் காலில் வரவில்லை என்றும், பூட்ஸ் அணிந்து வந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் காலில்தான் அது குடியேறியது என்றும் பூஞ்சையியலாளர்கள் கருதுகிறார்கள். மூடிய காலணிக்குள் வியர்வையும் வெப்பமும் சேர்ந்து கையளவு சேற்று வயலை உண்டாக்கிவிடுகின்றன. ஆக, நகரத்து இளைஞனின் காலணிக்குள் இருக்கும் நோயும், நடவுக்காரியின் விரல் இடுக்கில் இருந்த நோயும் அறிகுறியில் ஒத்திருந்தாலும் வரலாற்றில் வேறு வேறு. முன்னதற்கு நூறு ஆண்டுக்குச் சற்று மேலான வயதுதான். சேற்றுப்புண்ணில் பூஞ்சையோடு பாக்டீரியாவும் கலந்து கிடக்கும், சில நேரங்களில் நீரில் ஊறிய தோலைத் தவிர வேறெதுவும் இருக்காது. இரண்டுக்கும் ஒரே இலையைச் சொல்லும் குறிப்புகளைக் காணும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி அந்த இலை. சீமை அகத்தி ஆளுயரத்துக்கும் மேலே வளரும் செடி. அகத்தியைப் போலக் காம்பின் இருபுறமும் இலைகள் அடுக்கியிருக்கும், ஆனால் அளவில் பெரியவை. உச்சியில் மெழுகுவர்த்தியை நட்டு வைத்தது போல மஞ்சள் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். காயில் நான்கு இறக்கைகள் இருக்கும். பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. சீமைக்கருவேல், சீமையெண்ணெய், சீமையோடு என்று கடல் கடந்து வந்ததற்கெல்லாம் தமிழர் வைத்த அடைமொழிதான் ‘சீமை’. 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் சூட்டியபோது அமெரிக்க வெப்பநாட்டுச் செடி என்றே குறித்தார். கொலம்பஸுக்கு முன் அது இங்கே வந்திருக்க வழியில்லை, ஆகவே நம் மண்ணில் அதன் வயது அதிகம் போனால் ஐந்நூறு ஆண்டு. அதன் இன்னொரு தமிழ்ப் பெயர்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: வண்டுகொல்லி. வண்டுகடியைத் தீர்ப்பது என்று பொருள். ஒரு பெயர் வந்த வழியைச் சொல்கிறது, மற்றது செய்த வேலையைச் சொல்கிறது. வந்தேறிச் செடிக்கு வேலையைக் கொண்டு ஊர்ப்பெயர் வைப்பது ஒருநாளில் நடப்பதில்லை. பலர் பூசிப் பலன் கண்டு, பலர் வாயில் புழங்கிய பிறகே அது நிலைக்கும்.

இது தமிழகத்தில் மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. ஃபிலிப்பீன்ஸில் இதே செடிக்கு ‘அகபுல்கோ’ என்று பெயர். மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்கு வந்த ஸ்பானியக் கப்பல்களின் நினைவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாய்லாந்தில் ‘சும்ஹெட் தேட்’ என்கிறார்கள். ‘தேட்’ என்றால் அயல்நாட்டது; ‘சும்ஹெட் தாய்’, அதாவது உள்நாட்டுச் சும்ஹெட், என்பது நம் ஊசித்தகரை. சிங்களத்தில் ‘ரட தோரா’. ‘ரட’ என்பது அங்கே நம் ‘சீமை’ போன்ற சொல், ‘தோரா’ என்பது தகரை. முன்னே தகரையை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். தாய்லாந்திலும் இலங்கையிலும் புதிய செடியைப் பார்த்தவர்கள், தாம் ஏற்கெனவே படைக்குப் பயன்படுத்திவந்த தகரையின் உறவினர் என்று அதை அடையாளம் கண்டார்கள். தமிழர் இலையின் அமைப்பைப் பார்த்து அகத்தி என்றார்கள், அவர்கள் பூவையும் குணத்தையும் பார்த்துத் தகரை என்றார்கள். தாவரவியலார் இரண்டையும் இன்று ‘சென்னா’ என்ற ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் கிரைசோஃபனால் உள்ளிட்ட ஆந்த்ரகுயினோன் வகைப் பொருள்கள் இருக்கின்றன என்பதும் தெரிந்திருக்கிறது. வேதியியல் பிறகு சொன்னதை நாட்டு வைத்தியர்களின் கண் முன்பே சொல்லிவிட்டது. அம்போன் தீவில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து தாவரங்களைப் பதிவு செய்த ரம்ஃபியஸ் இந்தச் செடிக்குப் படையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘ஹெர்பெட்டிகா’ என்றே பெயர் வைத்தார். ஆசியாவுக்கு வந்த ஒன்றிரண்டு நூற்றாண்டுகளுக்குள் அதன் தொழில் உறுதியாகிவிட்டது.

சென்னை மாகாணத்தில் இந்த இலை ஆங்கிலேய மருத்துவர்களின் ஏடுகளிலும் ஏறியது. ஒயிட்லா ஐன்ஸ்லி 1826இல் வெளியிட்ட ‘மெட்டீரியா இண்டிகா’வில் சீமை அகத்தி தமிழ்ப் பெயரோடு இடம்பெறுகிறது. திருவிதாங்கூரில் பணியாற்றிய எட்வர்டு ஜான் வாரிங் 1860இல் கடைத்தெரு மருந்துகளைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். தொலைதூர ஊர்களில் சீமை மருந்து கிடைக்காதபோது உள்ளூர்ச் சந்தையில் வாங்கக்கூடியவற்றைக் கொண்டு வைத்தியம் செய்ய உதவும் நூல் அது. வண்டுகொல்லி அதில் படைக்கான மருந்தாக வருகிறது. 1868இல் அவரே பதிப்பித்த இந்திய மருந்தியல் நூல் இந்த இலையின் களிம்பை அரசு ஏற்ற மருந்துகளோடு சேர்த்தது. அதற்கு மறு ஆண்டு சென்னையின் மொய்தீன் ஷெரீஃப் அந்த நூலுக்கு ஒரு துணைநூல் எழுதி, ஒரே மருந்துக்குப் பல மொழிகளில் வழங்கிய பெயர்களைச் சரிபார்த்துத் தொகுத்தார். பெயர்க் குழப்பத்தால் தவறான சரக்கு நோயாளியிடம் போய்ச் சேராமல் தடுத்த பெரும்பணி அது, அவருக்கு உரிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை. இந்த நூல்களைக் குடியேற்றக் காலத்துத் திருட்டு என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. வைத்தியர்களின் பெயரைச் சொல்லாமல் அவர்களின் அறிவை எடுத்துக்கொண்டது உண்மை, அது அநீதி. ஆனால் அந்த ஏடுகள் இல்லையென்றால், வண்டுகொல்லி என்ற பெயர் எந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்தது என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல நமக்கு வழியிருந்திருக்காது.

மருந்தின் பிறப்பிடத்தை அதன் புகழிடமாக நினைத்து ஏமாறுவது எப்படி நடக்கும் என்பதற்குக் ‘கோவா பொடி’யின் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் படைக்குக் கைகண்ட மருந்தாக ஒரு மஞ்சள் பொடி விற்றது. கோவாவிலிருந்து வந்ததால் கோவா பொடி. எந்தச் செடியிலிருந்து செய்கிறார்கள் என்பது விற்றவர்களின் ரகசியம். 1874இல் கல்கத்தாவில் பேர்பெற்ற மருத்துவரான ஜோசஃப் ஃபேரர் இதைப் பற்றி லண்டன் மருத்துவ இதழில் எழுதினார். அதைப் படித்த பிரேசில் நாட்டுப் பாயியா நகரத்து மருத்துவர் டா சில்வா லிமா, இது தங்கள் ஊரில் ‘அரரோபா’ என்று வழங்கும் பொடிதானே என்று பதில் எழுதினார். பாயியாக் காடுகளில் வளரும் ஒரு பெருமரத்தின் தண்டில் உள்ள வெடிப்புகளில் சேரும் பொடி அது. போர்ச்சுகீசியக் கப்பல்கள் அதைத் தம் ஒரு குடியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுவந்திருந்தன. இந்தியாவின் கைகண்ட நாட்டு மருந்து என்று உலகம் நம்பியது பிரேசில் மரத்தினுடையது. 1875இல் அட்ஃபீல்டு அதைப் பகுத்து ஆராய்ந்தார். 1878இல் லீபர்மானும் ஸைட்லரும் அதன் முதன்மைப் பொருளைக் கிரைசரோபின் என்று பிரித்துக் காட்டினார்கள். அது நம் தகரையிலும் சீமை அகத்தியிலும் உள்ள கிரைசோஃபனாலுக்கு மிக நெருங்கிய உறவு. முதல் உலகப்போரில் ஜெர்மனிக்கு அந்தப் பொடி வருவது தடைப்பட, 1916இல் அதற்கு மாற்றாக அங்கே உருவாக்கிய டித்ரனால் இன்றும் சொரியாசிஸுக்குப் பயன்படுகிறது. பிரேசில் மரம், அமெரிக்கச் செடி, இந்தியக் களை என்று வெவ்வேறு நிலத்து மக்கள் தேடிப் பிடித்தவை ஒரே வேதிக் குடும்பத்தில் போய் முடிந்தன. படைக்கு எது பலிக்கும் என்பது தோலின்மேல் பூசிப் பார்த்துத் தேறிய அறிவு என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, பழமையைக் குறைத்துச் சொல்வது நம் மருத்துவத்தைக் குறைத்துச் சொல்வதாகும் என்பது. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மருத்துவ மரபு அகத்தியர் பெயரில் வழங்குவதை மட்டும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால், கடலுக்கு அப்பாலிருந்து வந்த செடிக்கு அதில் இடமே கிடைத்திருக்காது. மிளகாயும் தக்காளியும் இல்லாத தமிழ்ச் சமையலை இன்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவற்றை ஏற்றதால் நம் சமையல் சிறுத்துவிடவில்லை. மருந்திலும் அப்படித்தான். பழமையை வலியுறுத்துவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: பழையது என்பதற்காகவே அரிதாரத்தைக் காலில் பூச ஒருவர் துணியலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையைக் கொல்வது வேறு, மனிதக் காலில் நோயைத் தீர்ப்பது வேறு என்பார்கள். சரிதான். இதை ஆஸ்திரேலியாவின் தேயிலைமர எண்ணெய் நன்றாகக் காட்டுகிறது. 1992இல் அங்கே 104 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், பத்து சதவீத எண்ணெய்க் களிம்பு பூசியவர்களில் 65 சதவீதத்தினருக்கு அரிப்பும் எரிச்சலும் தணிந்தன. டோல்னாஃப்டேட் என்ற பூஞ்சை மருந்து பூசியவர்களில் 58 சதவீதம்தான். ஆனால் பூஞ்சை உண்மையில் ஒழிந்ததா என்று பார்த்தபோது கணக்கு தலைகீழாயிற்று: மருந்துக்கு 85 சதவீதம், எண்ணெய்க்கு 30, மருந்தே இல்லாத வெறும் களிம்புக்கு 21. பின்னர் 2002இல் வலுக்கூட்டிய எண்ணெயில் நல்ல பலன் கிடைத்தது என்பதும் உண்மை. முதல் சோதனையின் பாடம் நம் இலைகளுக்கும் பொருந்தும். அரிப்பு நின்றதும் நோய் போய்விட்டது என்று எண்ணிப் பூசுவதை நிறுத்துவார்கள், அடுத்த மழைக்கு அது திரும்பும். ‘வருஷா வருஷம் வரும், மருதாணி வைத்தால் போகும்’ என்ற அனுபவத்தில் பின்பாதி உண்மை என்றால் முன்பாதியும் உண்மைதான். சீமை அகத்தி இலைச்சாற்றைத் தேமல் உள்ளவர்களிடம் பரிசோதித்து நல்ல பலன் கண்ட ஆய்வு 1994இல் வெளிவந்தது. ஃபிலிப்பீன்ஸ் அரசு தன் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் அகபுல்கோவைச் சேர்த்திருக்கிறது. கால்விரல் இடுக்கில் மருதாணியின் பலனை அளந்து பார்க்கும் பெரிய சோதனைகளும் நடக்க வேண்டும் என்று கேட்பது அந்த இலைக்குச் செய்யும் மரியாதைதான்.

மூன்றாவதாக, இத்தனை நல்ல களிம்புகள் வந்தபிறகு இந்த இலைகளை எதற்கு நினைக்க வேண்டும் என்று கேட்கலாம். 1958இல் வாய்வழி உட்கொள்ளும் கிரிசியோஃபல்வின் வந்தபோதும், 1970களில் குளோட்ரிமசோல் வந்தபோதும், 1990களில் டெர்பினாஃபின் வந்தபோதும் இந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அவை உண்மையிலேயே இலைகளைவிட வலியவை. நோய் முற்றியவர்கள் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் 2020இல் ‘ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே’ என்று நம் நாட்டின் பெயரையே தாங்கி விவரிக்கப்பட்ட பூஞ்சைக்கு டெர்பினாஃபின் பல நேரங்களில் பலிப்பதில்லை. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி, ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசும் பழக்கம் இந்த நிலைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். அடியில் பூஞ்சை பெருகும். இலைகள் இதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே மருந்தை ஓயாமல் பூசினால் பூஞ்சையும் தன்னை மாற்றிக்கொள்ளும் என்ற நிலையில், பல பொருள்களைத் தன்னுள் வைத்திருக்கும் செடிகளைக் கைவிடாமல் முறையாக ஆராய்வது அறிவுடைமை என்றே சொல்கிறேன்.

இத்தனைக்கும் நடுவே, பூச்சைவிடக் கழுவலும் உலர்த்தலும் செய்த வேலையை மறந்துவிடக் கூடாது. 1992 சோதனையில் மருந்தில்லாக் களிம்பு பூசியவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குப் பூஞ்சை ஒழிந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கும்பகோணத்தை ஒட்டிய பகுதிகள் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பெயர் பெற்றிருந்தன. அந்த நோயாளிகளின் வீங்கிய காலில் அடிக்கடி காய்ச்சலோடு அழற்சி வருவதற்கு, விரல் இடுக்குப் புண்களின் வழியே பாக்டீரியா நுழைவதே முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. காலைச் சோப்பால் கழுவி, இடுக்குகளைத் துடைத்து உலர்த்தி, புண்ணுக்கு மருந்து பூசினாலே அந்தக் காய்ச்சல் வெகுவாகக் குறைகிறது. காசர்கோட்டில் உள்ள ஒரு தோல் மருத்துவ நிறுவனம் ஆயுர்வேதக் கஷாயத்தில் காலை ஊறவைத்துக் கழுவுவதையும் நவீன முறையில் கட்டுப் போடுவதையும் சேர்த்தே யானைக்காலுக்கு வைத்தியம் செய்கிறது. சுசுருத சம்ஹிதை சிறு நோய் என்று வைத்தது எத்தனை பெரிய நோய்க்கு வாசலாக இருந்தது என்பதை இது காட்டுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதே வாசல்தான். அவர்கள் விரல் இடுக்கில் வெடிப்பைக் கண்டால் எந்த இலையையும் நம்பி நாள் கடத்தக் கூடாது.

வயலில் இப்போது நடவு இயந்திரங்கள் வந்துவிட்டன. சேற்றில் நிற்கும் மணி நேரம் குறைந்திருக்கிறது. நேரடி விதைப்பு செய்யும் இடங்களில் நடவே இல்லை. சேற்றுப்புண் என்ற சொல் தெரியாத ஒரு தலைமுறை டெல்டாவிலேயே வளர்ந்துகொண்டிருக்கலாம். வண்டுகொல்லி மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. வறண்ட மேட்டைவிட ஈரக் கசிவுள்ள இடத்தில்தான் அது செழிக்கும். வாய்க்கால் கரையிலும் குளத்து ஓரத்திலும், ஒரு காலத்தில் நடவுப் பெண்கள் கரையேறிக் கால் கழுவிய அதே ஈரத்தில், மஞ்சள் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாற்போல நிற்கிறது.